புதுச்சேரி பெட்ரோல் கடலூருக்கு வரலாம், விஸ்கி வரக்கூடாது: ‘பர்மிட்’ என்றால் என்ன?

போன மாதம் என் அக்கா மகன் கத்தாரில் இருக்கும் தோஹாவுக்கு வேலைக்குக் கிளம்பினான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவனை நடுவில் உட்காரவைத்து நாலைந்து பேர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சம்பளம், ரூம், சாப்பாடு என்று போய்க் கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“அங்கெல்லாம் ஒரு சொட்டு கிடைக்காதுடா. வச்சிருந்தா உள்ள போட்டுடுவான்” என்றார் ஒருவர். “சும்மா பயமுறுத்தாதண்ணே. ஏர்போர்ட்லயே அடுக்கிவச்சு விக்கிறான், நானே வாங்கியிருக்கேன்” என்றார் இன்னொருவர். “லைசென்ஸ் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுது. அப்புறம் அதுவும் நம்ம பாண்டி மாதிரிதான்” என்று மூன்றாமவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். பையன் என் பக்கம் திரும்பினான். “மாமா, நீங்க அங்க இருந்தவராச்சே. இதுல எது நிஜம்?”

மூன்றுமே பாதி நிஜம். முழுப் பொய்யைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். பாதி நிஜத்தை நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைக்கு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். வளைகுடாவுக்குப் போவதற்கு முன்னால் கடலூர் எல்லையிலேயே தொடங்கலாம். ஏனென்றால் இந்த விஷயத்தின் முழுப் பாடமும் நம் வாசலிலேயே கிடக்கிறது.

பெட்ரோலும் பாட்டிலும்

கடலூர்க்காரர்கள் புதுச்சேரி போனால் திரும்பும்போது கன்னியகோவில் பக்கம் வண்டிக்கு டேங்க் நிரப்பிக்கொண்டு வருவது பழக்கம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். நிரம்பிய டேங்கோடு முள்ளோடை தாண்டி, ஆல்பேட்டை சோதனைச்சாவடியையும் தாண்டி ஊருக்குள் வருகிறோம். “இது எந்த ஊர் பெட்ரோல்?” என்று யாரும் கேட்டதில்லை.

அதே வண்டியின் பெட்டியில் ஒரு ஃபுல் பாட்டில் இருந்தால் கதை வேறு. அதுவும் பில் போட்டு, கடையில் காசு கொடுத்து வாங்கியதுதான். பெட்ரோல், மது இரண்டுமே ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பவை. இரண்டுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. அப்படியிருக்க ஒன்றை விடுகிறார்கள், இன்னொன்றைப் பிடிக்கிறார்கள். ஏன்?

பல வருஷம் முன்னால் ஒரு தடவை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர். எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். அவர் மஞ்சள் பைக்குள் பூ, வாழைப்பழம், ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு, அதற்கு அடியில் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில். பையிலிருந்து எடுத்தபோது அவர் பயப்படவே இல்லை, பில்லைத்தான் தேடினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பில்லை எடுத்து நீட்டி, “காசு குடுத்து வாங்கினதுங்க” என்றார். அவரைப் பொறுத்தவரை பில் இருந்தால் விஷயம் முடிந்தது. போலீஸ்காரர் பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினார். ‘புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு’. பில், அவர் காசு கொடுத்தார் என்பதற்குச் சாட்சி. அந்தப் பாட்டில் தமிழ்நாட்டுக்குள் இருக்கலாம் என்பதற்குச் சாட்சி அல்ல.

நான்கு வினைச்சொற்கள்

பெட்ரோலுக்கு அரசு வரி போடுவது விற்கும் இடத்தில். வரி கட்டி வாங்கி டேங்குக்குள் போய்விட்டால் அதன்பின் அது உங்கள் பெட்ரோல். மது அப்படி இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 8-ஆவது இனம் மது. அந்த ஒரு வரிக்குள் உற்பத்தி, தயாரிப்பு, வைத்திருத்தல், கொண்டுசெல்லல், வாங்குதல், விற்றல் என்று ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எழுதி மாநிலத்தின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியவை நான்கு: விற்பது, வாங்குவது, வைத்திருப்பது, கொண்டுபோவது. ஒன்றுக்கு அனுமதி இருந்தால் மற்ற மூன்றுக்கும் தானாக அனுமதி வந்துவிடாது. பெரியவரிடம் ‘வாங்குவது’ சரியாக இருந்தது. ‘கொண்டுபோவது’ எல்லைக்கோட்டில் தவறிவிட்டது.

அரிசி, துணி, செல்போன் வாங்கும்போது இந்த நான்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வருகின்றன. அதனால் தனித்தனி என்று யோசிக்கவே நமக்குப் பழக்கமில்லை. மது வியாபாரம் மற்ற வியாபாரத்தைப் போல அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதாவது இந்தப் பொருளுக்கு மட்டும் ‘தடுக்கப்படாததெல்லாம் செய்யலாம்’ என்ற கணக்கு வேலைக்கு ஆகாது. ‘அனுமதித்ததை மட்டும் செய்யலாம்’ என்பதே கணக்கு.

இதுவரை வந்த விஷயம் இவ்வளவுதான்: ஒரு பாட்டில் சட்டப்படியானதா என்று கேட்டால் பதில் கிடையாது. யார் விற்றார், யார் வாங்கினார், இப்போது எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும்.

ஒரே சாலை, இரண்டு சட்டம்

கடலூரில் பாட்டிலைப் பிடிக்கும் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி அரசு அந்த வருஷம் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது வந்தது. 1948-ல் மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அதைச் செய்த முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனம் பக்கத்துக்காரர். நம் பழைய தென்னாற்காடுதான். அவர் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கடைகள் திறந்தே இருந்தன. எல்லை தாண்டும் பழக்கம் நம் தாத்தா காலத்துச் சரக்கு.

இதில் வேடிக்கை, அந்த 1937 சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக் 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டு, 2003-ல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. ஆனால் சட்டத்தின் அடித்தளம் ‘தடை’தான். டாஸ்மாக் கடை அந்தத் தடைச் சுவரில் அரசு தானே இடித்து வைத்துக்கொண்ட ஒரு வாசல். அந்த வாசல் வழியாக வந்த பாட்டில் சரி. சுவரேறிக் குதித்து வந்த பாட்டில் தப்பு. இரண்டுக்குள்ளும் ஒரே கம்பெனியின் சரக்கு இருக்கலாம். அது சட்டத்துக்குப் பொருட்டே இல்லை.

புதுச்சேரியில் இருப்பது கலால் சட்டம், 1970. கலால் என்பது உள்நாட்டில் தயாராகும் சில பொருள்கள்மேல் அரசு போடும் வரி. தமிழ்நாட்டு அரசு இதையே ஆயத்தீர்வை என்று எழுதும். பெயரிலேயே வித்தியாசம் தெரிகிறது பாருங்கள். ஒரு சட்டம் ‘விலக்கு’ என்று தொடங்கி இடம் கொடுக்கிறது. மற்றது ‘வரி கட்டு’ என்று தொடங்கி விற்கவிடுகிறது. அங்கே தனியார் உரிமம் எடுத்துக் கடை நடத்தலாம். இங்கே சில்லறைக் கடை அரசு நிறுவனத்துக்கு மட்டும். வாங்கும் வயது அங்கே 18, இங்கே 21.

விலை வித்தியாசத்துக்கும் காரணம் வரிதான். சரக்கின் தரத்தை வைத்து வருவது இல்லை. இதற்கு ஒரு நல்ல நிரூபணம் 2020-ல் கிடைத்தது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு மே மாதக் கடைசியில் புதுச்சேரியில் கடைகள் திறந்தபோது, கூட்டம் எல்லை தாண்டி வரக்கூடாது என்று சிறப்பு வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக ஏற்றிவிட்டார்கள். விலை ஒன்றானதும் இங்கிருந்து அங்கே போக யாருக்கும் காரணமில்லை. வரியை எடுத்ததும் பைக்குகள் மறுபடி வடக்குப் பக்கம் திரும்பின.

வண்டியில் கொண்டுவந்து பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் போகும். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு பறிமுதல் செய்த வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று அவ்வப்போது பேப்பரில் வரும் அறிவிப்பு இந்த வகைதான்.

ரேஷன் கார்டு, கேன்டீன் கார்டு

சரி, பர்மிட்டுக்கு வருவோம். மூன்று சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லைசென்ஸ் என்பது பொதுவாக விற்பவருக்குக் கொடுக்கும் உரிமம். ரேஷன் கடை நடத்த யாருக்கு அனுமதி என்பது போல. பர்மிட் என்பது வாங்குபவர் கையில் இருக்கும் அனுமதி. ரேஷன் கார்டு மாதிரி. காசு இருந்தாலும் கார்டு இல்லாமல் அந்தச் சர்க்கரை கிடைக்காது. கோட்டா என்பது கார்டில் எழுதியிருக்கும் அளவு. ஒரு மாதத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது. (துபாயில் வாங்குபவர் கார்டையும் லைசென்ஸ் என்றே சொல்வார்கள். டீக்கடைக் குழப்பத்தில் பாதி அதனால் வந்தது.)

இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? உங்கள் தெருவில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருப்பார். அவரிடம் கேன்டீன் கார்டு இருக்கும். மாதாமாதம் கோட்டா உண்டு, பதவிக்குத் தகுந்த அளவு. வரி குறைவு என்பதால் விலை குறைவு. அந்தச் சரக்கை வெளியே விற்றால் குற்றம். தெருவே அவரிடம் மாதக் கடைசியில் பாசமாகப் பேசுவதற்கும் அதுதான் காரணம்.

இதை அப்படியே ஒரு நாட்டுக்கு விரித்துப் பாருங்கள். வெளியில் எல்லாருக்கும் தடை. ஓர் ஓரத்தில் ஒரு கடை. கார்டு உள்ளவருக்கு மட்டும் கதவு திறக்கும். கார்டு யாருக்கு என்பதை மதம், வயது, சம்பளம், குடியிருப்பு அனுமதி முடிவு செய்யும். வளைகுடா நாடுகளின் ஏற்பாடு பெரும்பாலும் இதுதான். ‘கிடைக்கும்’, ‘கிடைக்காது’ என்ற இரண்டு சொல்லில் இது அடங்காது.

தோஹாவில் ஒரு கதவு

கத்தாரில் வீட்டுக்கு வாங்கிப் போகிற மாதிரி சில்லறையில் விற்பது ஒரே நிறுவனம். கத்தார் டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனி என்று பெயர். கத்தார் ஏர்வேஸின் சொந்த நிறுவனம். அங்குள்ளவர்கள் சுருக்கமாக கியூடிசி என்பார்கள். பன்றி இறைச்சியும் அங்கேதான் விற்பார்கள். உள்ளே நுழையவே கார்டு காட்ட வேண்டும். சும்மா எட்டிப் பார்க்க முடியாது.

பர்மிட் வாங்க முஸ்லிம் அல்லாதவராக இருக்க வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், கத்தாரில் குடியிருப்பு அனுமதி இருக்க வேண்டும். என் காலத்தில் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து சம்பளத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் கொடுக்க வேண்டியிருந்தது. மாதக் கோட்டா சம்பளத்தைப் பொறுத்தது. குறைந்தபட்ச சம்பள வரம்பும் உண்டு. அந்த வரம்புக்குக் கீழே இருப்பவருக்குக் கதவு இல்லை. லேபர் கேம்பில் இருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலானோர் இந்தக் கணக்கில் வெளியேதான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விலையும் லேசில்லை. 2019 ஜனவரி 1 முதல் கத்தார் மதுவுக்கு 100 சதவீதக் கலால் வரி போட்டது. ஒரே நாளில் பாட்டில் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த வாரம் எங்கள் ரூமில் இருந்த திருச்சிக்காரர், “இதுக்கு ஊருக்குப் போன் பண்ணிப் பேசினா கூட லாபம்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் டீக்கு மாறினார்.

இப்போது நான்கு வினைச்சொற்களை இங்கே பொருத்திப் பாருங்கள். வாங்குவது: கார்டு உள்ளவர் மட்டும். கொண்டுபோவது: கடையிலிருந்து நேராக வீட்டுக்கு, பை மூடியிருக்க வேண்டும். வைத்திருப்பது: வீட்டுக்குள். விற்பது, அடுத்தவருக்குக் கொடுப்பது: கூடாது, பிடிபட்டால் வேலையும் போகும், நாடும் போகும். குடித்துவிட்டுத் தெருவில் தடுமாறுவது தனிக் குற்றம். சில ஹோட்டல்களில் உரிமம் பெற்ற பார் உண்டு, அங்கே இந்தக் கார்டு தேவையில்லை. ஆனால் அங்கே குடிக்கலாம், பாட்டிலாகக் கொண்டுவர முடியாது. அந்த அனுமதியும் எப்போதும் சுருங்கக்கூடியது. 2022 உலகக் கோப்பைக்கு இரண்டு நாள் முன்னால் மைதான வளாகங்களில் பீர் விற்பனை ரத்து என்று அறிவித்தார்கள். வாசல் திறப்பவர்தான் மூடுபவரும்.

துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நடுவே

நம் எல்லைக் கதையின் அச்சு நகல் பார்க்க வேண்டுமானால் அமீரகத்துக்குப் போக வேண்டும். ஏழு அமீரகங்கள், ஒவ்வொன்றுக்கும் தன் வழக்கம். துபாயில் 21 வயது ஆன, முஸ்லிம் அல்லாதவர் அடையாள அட்டையைக் காட்டி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற கடைகளில் வாங்கலாம். 2023 தொடக்கத்தில் லைசென்ஸ் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், 30 சதவீத வரியையும் நிறுத்திவைத்தார்கள். 2025 ஜனவரியில் அந்த 30 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. அபுதாபி 2020-லேயே தனிநபர் லைசென்ஸ் முறையை விட்டுவிட்டது. உம் அல் குவைன், அஜ்மான், ராஸ் அல் கைமா பக்கம் கார்டு கேட்காத கடைகள் உண்டு, விலையும் குறைவு.

ஷார்ஜாவில் கிடையாது. கடையும் கிடையாது, ஹோட்டலிலும் கிடையாது; 1980-களிலிருந்து அப்படித்தான். வைத்திருப்பதே குற்றம்.

இப்போது படத்தை மனதில் வரையுங்கள். துபாய்க்கும் உம் அல் குவைனுக்கும் நடுவில் ஷார்ஜாவும் அஜ்மானும். துபாயில் வேலை செய்து, வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் ரூம் எடுத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். துபாயில் சட்டப்படி வாங்கிய பாட்டிலை டிக்கியில் வைத்துக்கொண்டு ஷார்ஜா ரூமுக்குப் போகிறவர் யார்? மஞ்சள் பைப் பெரியவர்தான், கார் மட்டும் ஜப்பான் கார். அங்கே சோதனைச்சாவடிகூட இருக்காது. ஒரு சின்ன உரசல் விபத்து போதும், போலீஸ் வந்து டிக்கியைத் திறக்க.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள: அனுமதி பாட்டிலோடு ஒட்டியிருப்பதில்லை, ஆளோடும் இடத்தோடும் ஒட்டியிருக்கிறது. ஆள் மாறினாலோ இடம் மாறினாலோ அதே பாட்டில் குற்றமாகிவிடும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

பஹ்ரைனில் முஸ்லிம் அல்லாதவர் கார்டு இல்லாமலே உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் மன்னர் ஃபஹத் கடல் பாலம் 1986-ல் திறந்தது, நீளம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கடலூரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு. வார விடுமுறைக்கு அந்தப் பாலத்தில் எந்தத் திசையில் நெரிசல் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஓமானில் முஸ்லிம் அல்லாத குடியிருப்பாளருக்கு பர்மிட் முறை. சம்பளத்தில் ஒரு பங்குதான் கோட்டா.

சவூதியில் 1952 முதல் தடை. 2024 தொடக்கத்தில் ரியாத் தூதரகப் பகுதியில் முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்கென்று ஒரு கடை திறந்தார்கள். அதற்கும் செயலியில் பதிவு, மாதப் புள்ளிக் கணக்கு. “சவூதியில கடை திறந்துட்டான்” என்று நம் ஊரில் பரவிய செய்தி இதுதான். கட்டட வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ போனவருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. குவைத்தில் 1964-ல் இறக்குமதியைத் தடை செய்தார்கள், வெளிநாட்டவருக்கும் வாசல் இல்லை.

டியூட்டி ஃப்ரீ என்ற மாயச் சொல்

“ஏர்போர்ட்லயே விக்கிறான்” என்று சொன்னவருக்கு இந்தப் பகுதி. டியூட்டி என்றால் எல்லை தாண்டும் பொருளுக்குப் போடும் சுங்க வரி. டியூட்டி ஃப்ரீ கடை என்பது அந்த வரிக்கோட்டுக்கு வெளியே நிற்பதாகக் கணக்கில் வைத்த கடை. வரி இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். போய் இறங்கும் நாடு உள்ளே விடும் என்று அந்தக் கடை எந்த உறுதியும் தருவதில்லை. சென்னையில் விமானம் ஏறுமுன் வாங்கிய பாட்டிலை குவைத்திலோ கத்தாரிலோ இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். பெட்டிகள் எக்ஸ்ரேயில் போகும், துணியில் சுற்றினாலும் பாட்டில் பாட்டிலாகவே தெரியும். துபாயில் இறங்கும் முஸ்லிம் அல்லாத பயணி 4 லிட்டர் வரை கொண்டுபோகலாம். ஒரே வளைகுடா, இரண்டு நடைமுறை.

திரும்பி வரும்போது இந்தியா ஒரு பயணிக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் விடுகிறது. கணவன் மனைவி கணக்கை ஒன்றாகச் சேர்த்து ஒருவர் பெட்டியில் 4 லிட்டர் வைப்பது செல்லாது. விதியிலேயே சேர்க்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. நடுவில் இன்னொரு விமான நிலையத்தில் மாறுகிறவர்கள் கடையில் சீல் வைத்துக் கொடுத்த பையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அது 100 மில்லிக்கு மேற்பட்ட சாதாரணத் திரவம். பாதுகாப்புச் சோதனையில் குப்பைத்தொட்டிக்குப் போகும். பில்லை ஊர் வந்து சேரும்வரை பத்திரமாக வையுங்கள். கடலூர் போகும் வழியில் வெளிநாட்டுப் பாட்டிலைப் பார்த்து யாராவது கேட்டால், இந்த இடத்தில் பில் நிஜமாகவே பேசும்.

சொந்தக்காரர்கள் அந்த 2 லிட்டருக்கு ஏன் அப்படி அடித்துக்கொள்கிறார்கள்? இந்தியாவில் ஸ்காட்ச் விஸ்கிக்கு நெடுங்காலம் 150 சதவீத சுங்க வரி. இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி ஸ்காட்லாந்தில் தானியத்திலிருந்து காய்ச்சி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்தால்தான் ஸ்காட்ச். நம் கடைகளில் மலிவு விலையில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. பெயர் ஒன்று, பிறப்பு வேறு.

வாசல் இல்லாத இடத்தில்

குறித்து வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். முழுத்தடை இருக்கும் இடத்திலோ, சம்பளத்தால் பர்மிட் கிடைக்காத ஆளிடமோ, குடிக்கும் ஆசை இல்லாமல் போய்விடுவதில்லை. ரூமில் காய்ச்சியது, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்பது என்று ஏதோ ஒன்று வந்துசேரும். ஆபத்து அங்கேதான்.

நாம் மது என்று சொல்வது எத்தனால். அதன் பங்காளி மெத்தனால், பெயின்ட், வார்னிஷ் தொழிலில் பயன்படும் ரசாயனம். பார்க்கவும் முகரவும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. விலை குறைவு என்று கலப்பார்கள். உள்ளே போனதும் கல்லீரல் இரண்டையும் ஒரே மாதிரிதான் உடைக்கப் பார்க்கிறது. எத்தனால் உடைந்தால் கடைசியில் உடல் சமாளிக்கும் பொருள்களாகிவிடும். மெத்தனால் உடைந்தால் ஃபார்மிக் அமிலம் ஆகும். அது முதலில் கண் நரம்பைத் தாக்கும். முதல் பல மணி நேரம் சாதாரண போதைதான், ஒன்றும் தெரியாது. அப்புறம் வயிற்றுவலி, வாந்தி, பார்வையில் பனிமூட்டம். அந்தப் பனிமூட்டம் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன, நேரம்தான் இருக்காது. பிடிபடுவோம் என்று பயந்து ரூமிலேயே படுத்துக்கொள்பவர்கள்தான் பெரும்பாலும் சாகிறார்கள், கண்ணை இழக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் குவைத்தில் இப்படி 23 பேர் இறந்தார்கள், 160 பேர்வரை பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் ஆசியத் தொழிலாளர்கள். நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம், 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கள்ளக்குறிச்சி. அப்போது ஜிப்மர் வாசலில் ஆம்புலன்ஸ்கள் நின்ற வரிசை புதுச்சேரிக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஒரு வித்தியாசம்: கள்ளக்குறிச்சியில் டாஸ்மாக் இருந்தும் விலைக்குப் பயந்து பாக்கெட் சாராயம் வாங்கினார்கள். குவைத்தில் வாசலே இல்லை. இரண்டு இடத்திலும் குடித்தது ஒரே விஷம்.

பர்மிட் முறையை நான் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆனால் சம்பளத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் ஏற்பாட்டில் செத்துப்போவது யார் என்று பார்த்தால், குளிரூட்டிய அறையில் பர்மிட்டோடு இருப்பவர் அல்ல என்பது மட்டும் தெரிகிறது.

அக்கா மகனிடம் கிளம்பும் அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான். பெட்டியில் எதுவும் கொண்டுபோகாதே. வேண்டுமென்றால் ஆபீஸில் கேட்டு உன் பெயரில் பர்மிட் போடு. அடுத்தவன் பர்மிட்டில் வாங்கியதைத் தொடாதே. லேபிள் இல்லாத பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்காதே. தலையாட்டிக்கொண்டு போனான்.

போன வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது, “என்னடா, பர்மிட்டெல்லாம் போட்டாச்சா?” என்று கேட்டேன். “இல்ல மாமா. அதுக்கு ஆபீஸ்ல லெட்டர் கேக்கணுமாம். லெட்டர்ல கையெழுத்துப் போடற மேனேஜர் நெய்வேலிக்காரர். எங்க அப்பாவுக்கு ஃப்ரெண்டாம்.”